காலண்டர் தாளில் ஒரு வகுத்தல் கணக்கு

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்கா மகள் வீட்டுக்கு வந்தால் முதலில் என் வலது மணிக்கட்டைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பாள். போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்து உடைந்த மணிக்கட்டு. அதைப் பார்த்து முடித்த பிறகுதான் "எப்படி இருக்கீங்க மாமா" என்பாள். அவள் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். சுருக்கமாக ஓ.டி. அந்தச் சுருக்கத்தைச் சொன்னால் பாதிப் பேர் ஆபரேஷன் தியேட்டரில் வேலையா என்கிறார்கள். மீதிப் பேர் ஓவர்டைமுக்கு எவ்வளவு தருவார்கள் என்கிறார்கள். பக்கவாதம் வந்து கை மடங்கிப் போனவர் மறுபடி சட்டைப் பித்தான் போட, சோற்றைப் பிசைந்து சாப்பிட, பேருந்தில் கம்பியைப் பிடித்து ஏற, முடிந்தால் பழைய வேலைக்கே திரும்ப என்ன வழி என்று பார்ப்பது அவள் வேலை. கை அசைந்தால் மட்டும் போதாது. அந்தக் கையை வைத்து ஒரு நாளை ஓட்ட வேண்டும்.

போன ஞாயிறு வந்தவள் மணிக்கட்டைத் தொடவில்லை. நேராக போனை நீட்டினாள்.

"மாமா, நான் கட்டுரை அனுப்பலாம்னு வச்சிருந்த ஜர்னல் இது. இம்பாக்ட் ஃபேக்டர் இறங்கிடுச்சு. எங்க மேடம் வேற ஜர்னல் பாருன்னு சொல்றாங்க. இறங்கினா ஜர்னல் மோசமாயிடுச்சுன்னுதானே அர்த்தம்?"

மருத்துவக் கல்லூரி நூலகத்தில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்தக் கேள்வியைக் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தே என் சம்பளத்தில் கொஞ்சம் போயிருக்கும். இஞ்சியைத் தட்டிப் போட்டு அடுப்பைப் பற்ற வைத்தேன். கிழித்துப் போட்ட நாள்காட்டித் தாள்கள் ஒரு கற்றை என்னிடம் எப்போதும் உண்டு. கணக்குப் போட அதன் பின்பக்கத்தை விட நல்ல காகிதம் கிடையாது.

அவள் காட்டியது அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் ஆக்குபேஷனல் தெரபி. நேற்று முளைத்த இதழ் அல்ல. 1917 மார்ச்சில் நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் ஒரு வீட்டில் சிலர் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். வீட்டுக்காரர் ஜார்ஜ் எட்வர்ட் பார்ட்டன். கட்டடக் கலைஞர். காசநோய் கண்டு, பிறகு இடப்பக்கம் வாதத்தில் விழுந்து, தோட்டவேலையும் தச்சுவேலையும் செய்து தன்னைத் தானே தேற்றிக்கொண்டவர். கூட வந்தவர்களில் வில்லியம் ரஷ் டன்டன் மனநல மருத்துவர். சங்கம் என்றால் பத்திரிகை வேண்டுமே. 1922-இல் ஓர் இதழ் வந்தது, 1925-இல் அதற்குப் பெயர் மாறியது, ஆசிரியர் டன்டன்தான். 1947-இல் சங்கம் தன் சொந்த இதழாக இவள் காட்டிய இதழைத் தொடங்கியது. இப்போது இரண்டு மாதத்துக்கு ஒன்று வருகிறது.

"சரி மாமா, அதெல்லாம் பழைய கதை. இந்த வருஷம்?"

இந்த வருடத்துக்கு வர ஒரு வகுத்தல் கணக்குப் போட வேண்டும். நான் எழுதப்போகும் எண்கள் கற்பனை, இந்த இதழின் எண்கள் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். 2021-இல் ஒரு இதழ் 90 கட்டுரை போட்டது, 2022-இல் 110 போட்டது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 200. 2023-ஆம் ஆண்டு முழுக்க உலகத்தில் வந்த ஆய்விதழ்களில், இந்த எண்ணை வெளியிடுகிறவர்களின் தரவுத்தளம் கணக்கில் எடுக்கும் இதழ்களில் மட்டும், இந்த 200 கட்டுரைகளைச் சான்றாகக் காட்டி எழுதியது எத்தனை முறை என்று எண்ணுகிறார்கள். 420 முறை. 420-ஐ 200-ஆல் வகுத்தால் 2.1. இதுதான் 2023-க்கான இம்பாக்ட் ஃபேக்டர். அடுத்த வருடம் ஜூன் மாதம் வெளியாகும்.

"இவ்வளவுதானா?"

இவ்வளவுதான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு. பதவி உயர்வும் பட்டமும் இதன் மேல் தொங்குவதால் பெரிய கணக்கு மாதிரி தெரிகிறது.

இதைக் கொண்டுவந்தவர் யூஜின் கார்ஃபீல்ட். ஒரு கட்டுரை எதையெல்லாம் சான்று காட்டுகிறது என்பதைப் பட்டியல் போட்டால் அறிவியலுக்கே ஒரு வழிகாட்டி அட்டவணை கிடைக்கும் என்று 1955-இல் எழுதினார். பிலடெல்பியாவில் நிறுவனம் தொடங்கினார். அந்த அட்டவணையில் எந்தெந்த இதழ்களைச் சேர்ப்பது என்று தேர்ந்தெடுக்கத்தான் அவரும் இர்விங் ஷெர் என்பவரும் இந்த வகுத்தலை முதலில் போட்டார்கள். 1975 முதல் அது ஆண்டறிக்கையாக வரத் தொடங்கியது. பிறகு எங்களைப் போன்ற நூலகர்கள் அதைப் பிடித்துக்கொண்டோம். எதை வாங்குவது, எதை நிறுத்துவது என்று முடிவெடுக்க அது ஒரு துணை. ஒரு மனிதரின் கட்டுரையை எடைபோட யாரும் அதைச் செய்யவில்லை. செருப்பு அளக்கிற அச்சை வைத்துத் தொப்பி தைப்பது நாமாகச் செய்துகொண்ட ஏற்பாடு.

டீயை வடிகட்டினேன். அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அந்த 420-இல் 40 குறைந்தால் என்ன ஆகும்? 380-ஐ 200-ஆல் வகுத்தால் 1.9. 2.1-இலிருந்து 1.9-க்கு இறங்கிவிட்டது என்று எல்லோரும் கையைப் பிசைவார்கள். அந்த 40 எங்கிருந்து வந்திருக்கும்? எல்லோரும் சான்று காட்டிய ஒரே ஒரு கட்டுரையிலிருந்து வந்திருக்கலாம். அந்தக் கட்டுரை இரண்டு வருடக் கெடுவைத் தாண்டியதும் அதற்கு வரும் சான்றுகள் கணக்கிலிருந்து கழன்றுவிடும். ஆசிரியர் குழு அதேதான், மதிப்பீட்டாளர்கள் அதே ஆட்கள்தான். நாட்காட்டி மட்டும் நகர்ந்திருக்கிறது.

இதற்கு ஒரு பெரிய உதாரணம் படிகவியலில் உண்டு. ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா என்ற இதழின் ஏ பிரிவு. 2008-இல் அதன் இம்பாக்ட் ஃபேக்டர் 2-ஐ ஒட்டி இருந்தது. அந்த ஜனவரியில் ஜார்ஜ் ஷெல்ட்ரிக் என்பவர், படிக அமைப்பைக் கண்டுபிடிக்க உலகம் முழுக்கப் பயன்பட்ட தன் மென்பொருளின் வரலாற்றை ஒரு கட்டுரையாக எழுதினார். அந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் இந்தக் கட்டுரையைச் சான்று காட்டினால் போதும் என்று அதிலேயே சொல்லியிருந்தார். அவ்வளவு பேரும் காட்டினார்கள். 2009-இல் இதழின் எண் 49.926. 2010-இல் 54-ஐத் தாண்டியது. 2011-இல் கெடு முடிந்தது, மறுபடி 2. அந்த இரண்டு வருடம் அதே இதழில் எழுதிய மற்றவர்களெல்லாம் 54 மதிப்புள்ள இதழில் எழுதியவர்கள் என்று தங்கள் விண்ணப்பத்தில் போட்டுக்கொண்டிருக்கலாம். தெருவில் ஒரு வீட்டுப் பிள்ளை துபாய் போனால் தெருவின் சராசரி வருமானம் ஏறுகிற மாதிரிதான்.

உன் இதழிலும் சிறிய அளவில் இப்படி ஒன்று உண்டு என்றேன். அவளுக்கே தெரியும். அமெரிக்க ஓ.டி. சங்கம் தன் தொழிலின் எல்லை என்ன, நடைமுறை என்ன என்று ஒரு சட்டக ஆவணம் வெளியிடுகிறது. முதல் பதிப்பு 2002, பிறகு 2008, 2014, நான்காவது 2020. நான்கும் இந்த இதழில்தான் வந்தன. ஓ.டி. படிக்கும் எந்த மாணவரின் ஆய்வேட்டைத் திறந்தாலும் முதல் பக்கத்தில் அந்த ஆவணம் சான்றாக நிற்கும். அப்படிப்பட்ட ஒன்று கெடுவுக்குள் இருக்கும் வருடத்தையும் வெளியே போன வருடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இதழ் முன்னேறியது, பின்தங்கியது என்று பேசுவது பொங்கலுக்கு விற்ற கரும்பை வைத்து ஆடி மாத வியாபாரத்தை எடை போடுகிற கதை. இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. தலையங்கம், கடிதம், செய்திக் குறிப்பு போன்றவை கீழே வகுக்கும் எண்ணில் சேராது. ஆனால் யாராவது அவற்றைச் சான்று காட்டினால் மேலே உள்ள எண்ணில் சேர்ந்துவிடும். மேலே ஏறுகிறது, கீழே ஏறவில்லை. எது கட்டுரை, எது குறிப்பு என்று பிரிப்பதில் பழைய சண்டை ஒன்று ஓடிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

"அப்ப இந்த ஜர்னல் இறங்கினதுக்கு அதுதான் காரணமா?"

அதுவும் ஒன்றாக இருக்கலாம். ஆனால் கடந்த சில வருடங்களில் அளவுகோலே மூன்று தடவை அசைந்திருக்கிறது. அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2020-க்கான கணக்கிலிருந்து, அச்சுக்கு முன்பே இணையத்தில் வந்துவிட்ட கட்டுரைகள் காட்டும் சான்றுகளையும் எண்ணத் தொடங்கினார்கள். கொரோனா காலமும் அதோடு சேர்ந்துகொண்டது. மருத்துவ இதழ்கள் பலவற்றின் எண்கள் அந்த இரண்டு வருடம் பொங்கி, பிறகு வற்றின. அடுத்து, 2023 ஜூனில் வந்த பட்டியலில் மூன்று தசமம் போய் ஒரு தசமம் ஆனது. 2.143-க்கும் 2.138-க்கும் நடுவே உயர்வு தாழ்வு பேசி வந்தவர்களுக்கு அன்று வேலை போயிற்று. எனக்கு அதில் சந்தோஷம்தான். அதே சமயம் முன்பு எண் கொடுக்காமல் ஓரத்தில் வைத்திருந்த பல இதழ்களுக்கும் எண் கொடுத்தார்கள். 2024-இல் அவற்றையெல்லாம் ஒரே வரிசையில் சேர்த்து நிறுத்தினார்கள். வகுப்பில் புதிதாக இருபது பிள்ளைகள் சேர்ந்த வருடம் உன் ரேங்க் மாறினால் நீ படிக்கவில்லை என்று சொல்ல முடியுமா?

வரிசை என்றதும் இன்னொன்று. அந்தப் பட்டியலில் ஆக்குபேஷனல் தெரபிக்குத் தனிப் பிரிவே கிடையாது. மறுவாழ்வு என்ற பெரிய பந்தலில் பிசியோதெரபி, விளையாட்டுக் காயம், நரம்பியல் மறுவாழ்வு எல்லாவற்றோடும் உட்கார வைக்கிறார்கள். எதிர்க்கடையான ஸ்கோபஸ் தரவுத்தளத்தில் தனிப் பிரிவு உண்டு. அவர்கள் போடும் சைட்ஸ்கோர் என்ற எண் இரண்டு வருடத்துக்குப் பதில் நான்கு வருடத்தைப் பார்க்கிறது. ஒரே இதழ், ஒரே வருடம், இரண்டு பட்டியலில் இரண்டு இடம். எந்த ஆய்விதழின் இணையப் பக்கத்தைப் பார்த்தாலும் எந்தப் பட்டியலில் தன் முகம் அழகாகத் தெரிகிறதோ அதைத்தான் முன்னால் மாட்டியிருப்பார்கள். கல்யாண ஆல்பத்தில் யாரும் கண் மூடிய படத்தை ஒட்டுவதில்லை.

இதெல்லாம் எந்த இதழுக்கும் பொருந்தும். ஓ.டி. இதழ்களுக்கென்று ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. அதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தப்புப் பண்ணித் தெரிந்துகொண்டேன்.

1991-இல் ரூபாய் மதிப்பைக் குறைத்தார்கள். டாலரில் சந்தா கட்டும் நூலகங்கள் எல்லாவற்றுக்கும் அது இடி. வாங்கிக்கொண்டிருந்த வெளிநாட்டு இதழ்களில் கணிசமானவற்றை நிறுத்தியாக வேண்டும். யாரிடமிருந்தோ ஒளிநகல் எடுத்த இம்பாக்ட் ஃபேக்டர் பட்டியல் என்னிடம் இருந்தது. எண் குறைந்தவற்றின் மேல் சிவப்பு மையால் கோடு போட்டேன். மறுவாழ்வுப் பிரிவுக்காக வாங்கிவந்த ஒரு ஓ.டி. இதழும் அதில் போனது. பட்டியலை மேலே அனுப்பிவிட்ட பிறகு ஒரு நாள் அடுக்குகளைத் துடைத்தபோதுதான் கவனித்தேன். சிவப்புக் கோடு வாங்காத பெரிய பெரிய இதழ்கள் பல தபாலில் வந்த மடிப்புக் கலையாமல் இருந்தன. அந்த ஓ.டி. இதழின் பழைய பிரதிகள் அட்டை கிழிந்து, பக்க ஓரம் எண்ணெய் படிந்து, நடுவே பென்சில் குறிகளோடு கிடந்தன. வார்டுக்குக் கொண்டு போய்ப் படித்திருக்கிறார்கள். கட்டுரையில் இருந்த படத்தைப் பார்த்து நோயாளிக்கு மரத்தில் ஏதோ செய்து கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் யாரும் கட்டுரை எழுதவில்லை. எழுதாதவர்கள் சான்று காட்ட மாட்டார்கள். சான்று காட்டாத வாசிப்பு அந்த வகுத்தலில் பூஜ்யம்.

இரண்டு வருடக் கெடு இந்தத் துறைக்கு ஒத்துவராததற்கு இன்னொரு காரணம், துறையே நிதானமாக நடப்பது. மூலக்கூறு உயிரியலில் ஜனவரியில் வந்தது டிசம்பருக்குள் சான்றாகிவிடும். பக்கவாதம் வந்தவர் வீடு திரும்பி ஆறு மாதம் கழித்துச் சமையலறையில் என்ன செய்கிறார் என்று பார்க்கிற ஆய்வுக்கு ஆள் சேர்க்கவே ஒரு வருடம் ஆகும். முடித்து, எழுதி, மதிப்பீட்டுக்குப் போய், அச்சாகி வரும்போது அது சான்று காட்டும் கட்டுரைகளுக்கு ஐந்து வயது ஆறு வயது ஆகியிருக்கும். கெடு முடிந்தவை.

மேரி ரைலி என்ற ஓ.டி. அறிஞர் 1961-இல் ஆற்றிய ஸ்லேகில் நினைவுச் சொற்பொழிவு அடுத்த வருடம் இவள் காட்டிய அமெரிக்க இதழில் வந்தது. கையால் ஒரு வேலையைச் செய்வதன் மூலம் மனிதன் தன் உடல்நலத்தையே மாற்றிக்கொள்ள முடியும் என்ற கருதுகோளை அவர் துறையின் நடுவில் கொண்டுவந்து வைத்தார். அறுபது வருடம் தாண்டியும் அதைச் சான்று காட்டுகிறார்கள். கேரி கீல்ஹாஃப்னரும் ஜானிஸ் பர்க்கும் 1980-இல் மனிதச் செயல்பாடு பற்றிய தங்கள் மாதிரியைத் தொடர் கட்டுரைகளாக எழுதியதும் இங்கேதான். இன்றைக்கு வகுப்பில் நடத்தும் பாடம் அது. இதழுக்கு மரியாதை தேடித் தந்தவை இவை. இவற்றுக்கு இந்த வருடம் கிடைக்கும் ஒரு சான்றுகூட இம்பாக்ட் ஃபேக்டரில் சேராது.

"பாக்ஸ் அண்ட் பிளாக்கும் இதுல வந்ததுதானே மாமா?" என்றாள்.

அதேதான். நடுவில் தடுப்பு வைத்த ஒரு மரப்பெட்டி. ஒரு அங்குலக் கட்டைகள் 150. ஒரு நிமிடத்தில் ஒரு கையால் எத்தனை கட்டையைத் தடுப்பைத் தாண்டி மறுபக்கம் போடுகிறார் என்று எண்ண வேண்டும். சாதாரணமாக இருப்பவர்கள் எத்தனை போடுவார்கள் என்று தெரிந்தால்தானே நோயாளியின் எண்ணுக்கு அர்த்தம்? மத்தியோவெட்ஸ் குழுவினர் 20 வயது முதல் 94 வயது வரை 628 பேரை உட்கார வைத்து எண்ணி, 1985-இல் இந்த இதழில் அட்டவணையாகப் போட்டார்கள். இவள் தன் பிரிவில் அந்தப் பெட்டியை தினம் எடுக்கிறாள். அட்டவணையை லேமினேட் செய்து சுவரில் ஒட்டியிருக்கிறாள். ஒரு தடவையாவது அதை எங்காவது எழுதிச் சான்று காட்டியிருக்கிறாயா என்று கேட்டேன். சிரித்தாள்.

பெட்டியைப் பற்றிப் பேசியதில்தான் நான் சொல்ல வந்ததற்கு வழி கிடைத்தது. மணிக்கட்டுக் கட்டைப் பிரித்த பிறகு இவள் என்னைப் பிடிவலு அளக்கும் கருவியில் அழுத்தச் சொல்வாள். அதற்கு ஒரு முறை உண்டு. உட்கார்ந்து, தோளை உடம்போடு ஒட்டி, முழங்கையைச் செங்கோணத்தில் மடக்கி, மூன்று தடவை அழுத்தி, சராசரி எடுக்க வேண்டும். போன வாரம் நின்றுகொண்டும் இந்த வாரம் உட்கார்ந்தும் அளந்தால் அந்த ஒப்பீடு செல்லாது என்று எனக்குத் திட்டு விழும். அடுத்தது, எண் கொஞ்சம் ஏறினால் குதிக்க மாட்டாள். கருவியின் தடுமாற்றத்தைத் தாண்டி ஏறியிருக்கிறதா என்று பார்ப்பாள். கனடாவில் 1990 வாக்கில் வந்த ஒரு அளவீடு இவர்கள் துறையில் பிரபலம். நோயாளியே தனக்கு முக்கியமான வேலைகளைச் சொல்லி, அதை எவ்வளவு நன்றாகச் செய்கிறேன், எவ்வளவு திருப்தி என்று ஒன்று முதல் பத்துக்குள் எண் கொடுப்பார். அதில் 2 புள்ளி மாறினால்தான் மாற்றம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். கடைசியாக, எண் என்னவாக இருந்தாலும் "ஊறுகாய் பாட்டில் திறக்க முடியுதா மாமா" என்று கேட்பாள். பிடிவலு எண் நன்றாக ஏறியும் இரண்டு மாதம் எனக்குப் பாட்டில் திறக்கவில்லை.

என் மணிக்கட்டுக்கு இத்தனை நிதானம் காட்டுகிறவள், ஒரு இதழின் எண் ஒரு தசமம் இறங்கியதும் அதை விட்டுவிட்டு ஓடப் பார்க்கிறாளே என்பதுதான் என் வருத்தம். அளவுகோல் அசையாமல் இருந்ததா, இறக்கம் தடுமாற்றத்துக்கு வெளியே இருக்கிறதா, பாட்டில் திறக்கிறதா என்று அவள் கேட்கவில்லை. அவள் மேடமும் கேட்கவில்லை. அவரும் இதே துறைதான்.

"ஜர்னலுக்குப் பாட்டில் எது?"

நல்ல கேள்வி. இரண்டாவது டம்ளர் டீ அதற்காகப் போட்டது.

இதழின் ஆசிரியர் வருடா வருடம் தன் இதழின் நிலவரம் பற்றிக் கணக்கு எழுதுவது நல்ல பழக்கம். இந்த அமெரிக்க இதழில் அது உண்டு. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஷரன் கட்மன் ஆசிரியராக இருந்தபோது எழுதிய அறிக்கைகளை நான் ஓய்வுபெற்ற பிறகு படித்தேன். அதில் எனக்குப் பிடித்தது, என்ன மாதிரி கட்டுரைகள் போட்டோம் என்று அவர் வகை பிரித்து எண்ணியது. சிகிச்சை பலன் தருகிறதா என்று சோதித்தவை எத்தனை? அளவீட்டுக் கருவியைச் சரிபார்த்தவை எத்தனை? 2017-இல் சங்கத்துக்கு நூறு வயது ஆகும்போது துறை எங்கே நிற்க வேண்டும் என்று ஒரு தொலைநோக்கை வகுத்து, ஆறு களங்களை முக்கியம் என்று சங்கம் குறித்திருந்தது. குழந்தைகள், முதியோர், மனநலம், உடல் மறுவாழ்வு, வேலைக்களம், பொது ஆரோக்கியம். எந்தக் களத்துக்கு எத்தனை கட்டுரை கிடைத்தது, எது காலியாகக் கிடக்கிறது என்று பார்த்தார். சிகிச்சைக்குப் பணம் கட்டும் காப்பீட்டு நிறுவனம் "இது பலன் தரும் என்பதற்கு என்ன ஆதாரம்" என்று கேட்கும் நாட்டில், பலனைச் சோதித்த கட்டுரைகள் குறைவு என்பது ஒரு துறையின் பிழைப்பைப் பற்றிய செய்தி. எந்த வகுத்தலிலும் அது தெரியாது. எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

அந்த அறிக்கைகளில் வரும் மற்ற எண்களையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம் என்றேன். ஏற்பு விகிதம் என்று ஒன்று. 400 கட்டுரை வந்து 80 ஏற்றால் 20 சதவீதம். அடுத்த வருடம் 600 வந்து அதே 80 ஏற்றால் 13 சதவீதம். கண்டிப்பான இதழாகிவிட்டது என்று மார்தட்டலாம். உண்மையில் அரைகுறைக் கட்டுரைகள் 200 கூடுதலாக வந்து ஆசிரியர் மேசையிலிருந்தே திரும்பியிருக்கலாம். முதல் முடிவு தெரிய எத்தனை நாள் என்பதிலும் இதே சூட்சுமம். மேசையிலேயே திருப்பிய கட்டுரைக்கு நாலு நாளில் பதில் போகும். மதிப்பீட்டாளருக்குப் போனது நாலு மாதம் இழுக்கும். இரண்டையும் சேர்த்துச் சராசரி போட்டால் இதழ் மின்னல் வேகம். மதிப்பீட்டுக்குப் போனவற்றுக்கு மட்டும் எத்தனை நாள் என்று தனியாகச் சொல்லும் இதழ்தான் உனக்கு உண்மை சொல்கிறது. மதிப்பீடு செய்து கொடுங்கள் என்று கேட்டால் எத்தனை பேர் ஒப்புக்கொள்கிறார்கள் என்ற எண்ணை ரொம்பப் பேர் வெளியே சொல்வதில்லை. இதழின் ஆரோக்கியம் முதலில் குலைவது அங்கேதான் என்பது என் அபிப்பிராயம். கூலியில்லாமல் பார்க்கிற வேலை அது. ஆள் அலுத்துப்போனால் இதழ் அலுத்துப்போகும்.

எண்ணை மட்டும் துரத்தினால் என்ன ஆகும் என்பதற்கு பிரேசிலைச் சொன்னேன். அங்கே முதுநிலைப் படிப்புகளைத் தரம் பிரிக்கும் அரசு அமைப்பு, பேராசிரியர்கள் எழுதும் இதழ்களின் எண்ணைப் பார்த்தது. உள்ளூர் இதழ்களின் எண் குறைவு. அதனால் நல்ல கட்டுரைகள் அங்கே போகவில்லை. அதனால் எண் இன்னும் குறைவு. சில இதழாசிரியர்கள் தங்களுக்குள் பேசிவைத்து ஒருவர் இதழை இன்னொருவர் இதழில் அள்ளி அள்ளிச் சான்று காட்ட வைத்தார்கள். 2013-இல் பிடிபட்டு 4 மருத்துவ இதழ்களைப் பட்டியலிலிருந்து இடைநிறுத்தினார்கள். மொய் எழுதிக்கொள்வது மாதிரிதான். அவர்கள் பக்க நியாயமும் எனக்குப் புரிகிறது. அதே வருடம் மே மாதம், சான் பிரான்சிஸ்கோவில் அதற்கு முன் கூடிப் பேசியிருந்த இதழாசிரியர்களும் பதிப்பாளர்களும், ஒரு மனிதரின் ஆய்வை இதழின் எண்ணை வைத்து எடைபோடாதீர்கள் என்று ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள். கையெழுத்துப் போட்ட நிறுவனங்கள் ஏராளம். கையெழுத்து போட்ட பிறகும் நேர்முகத் தேர்வில் அந்த எண்ணைக் கேட்கிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

அவள் போனை எடுத்துத் தன் மின்னஞ்சலைக் காட்டினாள். மூன்று நாளில் ஏற்றுக்கொள்கிறோம், எங்கள் இம்பாக்ட் ஃபேக்டர் ஆறு சொச்சம் என்று ஒரு இதழிலிருந்து அழைப்பு. அந்த ஆறு எங்கிருந்து வந்தது என்று கேள் என்றேன். இம்பாக்ட் ஃபேக்டர் மாதிரியே ஒலிக்கும் பெயரில் எண்களை விற்கும் கடைகள் உண்டு. பணம் கட்டினால் சான்றிதழோடு தருவார்கள். உண்மையான இம்பாக்ட் ஃபேக்டரை இப்போது வெளியிடும் கிளாரிவேட் நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் அந்த இதழின் பெயர் இருக்கிறதா என்று தேடினாள். இல்லை. "மூணு நாள்ல யாரு மாமா படிச்சுப் பார்ப்பாங்க" என்று அவளே சொல்லி அழித்தாள்.

பிறகு தன் கட்டுரையைப் பற்றிச் சொன்னாள். பக்கவாதம் வந்த பெண்கள் வீடு திரும்பிய பிறகு, தரையில் உட்கார்ந்து காய் நறுக்குவது, அரிவாள்மனை, இட்லிக் கொப்பரை தூக்குவது போன்றவற்றை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்ப் பார்த்திருக்கிறாள். அமெரிக்க மதிப்பீட்டாளருக்கு அரிவாள்மனையை விளக்கவே ஒரு பத்தி வேண்டும். அதனால் இந்திய ஓ.டி. சங்கத்தின் இதழையும் யோசித்து வைத்திருக்கிறாளாம். 1952-இல் தொடங்கிய சங்கம் அது. அங்கே இதைப் படித்துவிட்டு நாளைக்கே தன் நோயாளி வீட்டுக்குப் போகிறவர்கள் இருப்பார்கள்.

"ஆனா மேடம் எண் கேப்பாங்களே?"

கேட்பார்தான். அதற்கு என்னிடம் மருந்து கிடையாது. இரண்டு இதழ்களிலும் கடைசி ஐந்து வருடத்தில் வீட்டுக்குள் நடக்கும் வேலை பற்றி எத்தனை கட்டுரை வந்திருக்கிறது, மதிப்பீட்டுக்குப் போனவற்றுக்கு எத்தனை நாளில் பதில் வருகிறது, யார் படிக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் காட்டு என்றேன். எண்ணையும் எழுது, ஒரு வருட எண்ணை மட்டும் போடாமல் ஐந்து வருட எண்ணையும் பக்கத்தில் வை.

நாள்காட்டித் தாளைத் திருப்பி, பின்பக்கக் கணக்கின் கீழே கோடு கிழித்து இரண்டு பத்தியாகப் பிரித்துக்கொண்டாள். முதல் வரியில் 'முதல் பதிலுக்கு நாள்' என்று எழுதிவிட்டு, தன் ஆய்வேட்டுக்கான கடைசித் தேதியிலிருந்து விரல் விட்டுப் பின்னோக்கி எண்ண ஆரம்பித்தாள். எண்ணி முடிக்கும் முன்பே நிமிர்ந்து, "மாமா, அந்த டம்ளரை வலது கைல எடுங்க பாப்போம்" என்றாள்.